பானை, பால், வெயில்: திருவான்மியூர் நாட்குறிப்பு

அக்டோபர் 3

கலம்காரிக்கு, அதாவது கலம் என்ற மூங்கில் பேனாவால் துணியில் வரைந்து சாயமேற்றும் வேலைக்கு, கசிமி போட்டாயிற்று. கறுப்புக் கோட்டுக்கான மசி அது. மண்பானையில் 10 லிட்டர் தண்ணீர், 1 கிலோ துருப்பிடித்த இரும்பு, பனைவெல்லமும் கரும்பு வெல்லமுமாகக் கால் கிலோ. இரும்பை முதலில் தணலில் சுட்டு, ஒட்டியிருக்கும் எண்ணெயும் பெயிண்டும் போன பிறகுதான் உள்ளே விட வேண்டும். பளபளவென்று வந்த ஆணிகளைத் தனியே ஒதுக்கியாயிற்று. அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறவரை இரும்பு கரையாது. வாய்க்குத் துணி கட்டினால் போதும், தட்டுப் போட்டு அடைக்கக் கூடாது. நுரைத்துப் பொங்குகிற சரக்கு.

15 நாள் என்பார்கள், 21 நாள் என்பார்கள். பானைக்குக் காலண்டர் தெரியாது.

அக்டோபர் 6

காடாத் துணி ராத்திரி முழுக்க ஊறியது. இன்று கொதிக்கவைத்து அலசல். கஞ்சி போயிற்றா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். விழுந்ததும் உள்ளே இறங்கினால் சரி, முத்தாக நின்றால் இன்னொரு கொதி.

அக்டோபர் 7

வானம் வெளுப்பு. நல்லது.

அக்டோபர் 9

பால். பாதி வேலை இதில்தான் கெடும். 5 மீட்டர் துணிக்குக் கொட்டை நீக்கி இடித்த கடுக்காய்த் தூள் கால் கிலோ, காய்ச்சாத எருமைப்பால் 1 லிட்டர், தண்ணீர் 2 லிட்டர். மசியைப் பரவவிடாமல் பிடித்து நிறுத்துவது பாலில் இருக்கும் கொழுப்பு. ஆடை எடுத்த பாக்கெட் பாலில் தோய்த்தால் கோட்டுக்கு மீசை முளைக்கும்.

முறுக்கிப் பிழிந்தால் முறுக்கு விழுந்த இடமெல்லாம் வரிவரியாக நிற்கும். உள்ளங்கையால் ஒரே சீராக அமுக்கி, தரையில் விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் போட்டால் கரைசல் கீழ் ஓரத்துக்கு இறங்கி அங்கே மட்டும் மஞ்சள் தடிக்கும். வெயில் பட்ட பக்கம் நிறம் ஏறும், அதனால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எருமைப்பால் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டாம் முறைக்கும் வேண்டும்.

அக்டோபர் 14

ஆலமரம் தாண்டி வரும்போதே தட்டுக்கழிச் சத்தம். நாட்டிய வகுப்புக்குக் கட்டை தட்டுகிற தாளத்தில் இங்கே கடுக்காய் இடிக்கலாம். இந்த வகுப்பு நடக்கிற கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளி 1936-இல் அடையாறில் தொடங்கி, 1962-இல் இந்த மண்ணுக்கு வந்தது. அதைத் தொடங்கிய ருக்மிணி தேவி நாட்டியத்துக்கு வேண்டிய துணியையும் இங்கேயே நெய்ய வைத்தார். கலம்காரி வந்தது கைவினைகளுக்காக உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் தூண்டுதலில். பார்க்க வருகிறவர்கள் கூத்தம்பலம் என்ற அரங்கோடு திரும்பிவிடுகிறார்கள். சாயத்தொட்டிப் பக்கம் ஈ காக்கை வருவதில்லை. ஒரு வகையில் நிம்மதி.

அக்டோபர் 19

பானையிலிருந்து ஒரு சொட்டு, கடுக்காய்த் துணியின் ஓரத்தில். சாம்பல். இன்னும் ஆகவில்லை.

அக்டோபர் 22

கறுப்பு! கரைசல் பார்க்க வெறும் பழுப்புத் தண்ணீர்தான். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கிற இடத்தில்தான் கறுப்பு பிறக்கிறது. துணியில் கடுக்காய் ஏறாத இடத்தில் கோடும் கறுக்காது. அதற்காக ரொம்பக் காரமான கசிமியும் ஆகாது. இரும்பு நூலை அரிக்கும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிந்து ஓட்டையாக இருப்பது அதனால்தான்.

அக்டோபர் 24

புளியங்குச்சிக் கரியால் வரைவு. தட்டினால் உதிர்ந்துவிடும், தடம் நிற்காது. பிறகு கலம்: கூராகச் சீவிய மூங்கில், நுனிக்கு ஒரு அங்குலம் மேலே கம்பளித் துண்டு சுற்றி நூலால் இறுகக் கட்டிய பந்து. பந்துதான் மசிக்கூடு.

“கையை அழுத்தாதீங்கம்மா, பந்தை அமுக்குங்க” என்று மாஸ்டர் மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு போனார். பந்தை அமுக்கினால் நுனிக்கு மசி இறங்கும், விட்டால் நிற்கும். தோய்த்தவுடன் முதல் சொட்டைக் கந்தலில் ஒற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தாமரை இதழ் தொடங்குகிற இடத்தில் ஒரு குண்டு விழும். விழுந்தது விழுந்ததுதான், அழிக்க வழியில்லை.

அக்டோபர் 27

மழை.

அக்டோபர் 28

மழை. பால் ஏறிய துணியை நாள்கணக்கில் மடித்து வைக்க முடியாது. எறும்பு, கரப்பான், அப்புறம் பூஞ்சை. மின்விசிறிக் காற்றில் காயும்தான். ஆனால் ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கோடு கசியும். வடகிழக்குப் பருவமழையில் இந்த வகுப்பை வைத்தவர் யாரோ!

நவம்பர் 2

வெயில் எட்டிப் பார்த்தது. சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரம், லிட்டருக்கு 100 கிராம். காய்ந்தால் எங்கே பூசினோம் என்றே தெரியாது, அதனால் ஒரு மூலையிலிருந்து வரிசை பிசகாமல் போவது உத்தமம். இன்று பூசி இன்றே அலசினால் பிடிக்காது. ஒரு நாளாவது ஊற வேண்டும்.

நவம்பர் 5

அலசல். ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். தொட்டியில் முக்கினால் கழன்ற படிகாரமும் கறுப்பும் பக்கத்து இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நகரத்தில் ஆற்றுக்கு எங்கே போவது? சரிவான சிமெண்டுத் தளம், மேலிருந்து ரப்பர் குழாய். கலம்காரி போடுகிற கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஊர்க்காரர்களுக்குக் காவிரிக் கரை. கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரியில் தண்ணீர் இல்லாத மாதங்களுக்குக் குறியீடு என்ன செய்யும்?

நவம்பர் 6

சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரில் கொதி. தளதளவென்று கொதிக்கவிடாமல் அடியில் தீயைக் குறைத்து, துணி எப்போதும் முழுகியிருக்க, கம்பால் புரட்டிக்கொண்டே. ஒரு காலத்தில் இந்தச் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பு தந்தது சாயவேர். மணற்பாங்கான தரையில் வளர்கிற சின்னச் செடி, வேரில் சாயம்.

நவம்பர் 8

இரண்டு துணி நல்ல சிவப்பு. ஒன்று மட்டும் செங்கல்லுக்கும் பழுப்புக்கும் நடுவில். அதைத் தனியாக வேறு அண்டாவில், போர்வெல் தண்ணீரில் கொதிக்கவைத்திருந்தார்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் சிவப்பு மங்கும். இரும்புச் சட்டியும் அதே வேலை செய்யும். எவர்சில்வர் அல்லது செம்பு.

நவம்பர் 9

துணியில் வெறுமையாக விட்ட இடம் முழுக்க இளஞ்சிவப்பு ஏறியிருக்கிறது. சாணக் கரைசலில் ராத்திரி ஊறல், காலையில் புல்லில் விரித்து, காயவிடாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் வெளுக்க வேண்டும். வெயில் இருந்தால்.

நவம்பர் 10

இல்லை.

நவம்பர் 12

மதியம் இரண்டு மணி நேரம் அடித்தது. பாதி வெளுப்பு. எருமைப்பால்காரர் வியாழக்கிழமை தருகிறாராம். மஞ்சளுக்கு முன்னால் இரண்டாம் பால் கொடுத்தாக வேண்டும். அந்த மஞ்சளுக்குக் கடுக்காய்ப்பூ கால் கிலோ வாங்க வேண்டும்.