மணி அடித்தும் திறக்காத பெட்டி

24 பிப்ரவரி 2025, திங்கள்

காசநோயாளிகளுக்கு, மணி அடித்து மாத்திரையை நினைவூட்டித் திறப்பைப் பதியும் புதுப் பெட்டிகள் கொடுத்தாயிற்று. கையில் கொடுக்கும்போதே மூன்று விளக்கையும் காட்டிவிட வேண்டும். பச்சை எரிந்தால் இன்றைய மாத்திரை. மஞ்சள் எரிந்தால் அடுத்த மாத்திரை வாங்க வரவேண்டும். சிவப்பு எரிந்தால் பேட்டரி இறங்கிவிட்டது, அவ்வளவுதான். சிவப்பை மட்டும் இரண்டு தரம் சொல்ல வேண்டும், நோய் முற்றிவிட்டது என்று யாரும் பயந்துவிடக் கூடாது.

மணி எப்போது அடிக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் காலை எட்டு என்று வைத்துவிடுவது நமக்குத்தான் வசதி. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி பஸ் அதற்கு முன்பே வந்துவிடும். ஆளில்லாத வீட்டில் மணி அடித்து என்ன பயன்?

26 பிப்ரவரி

ஷூ கம்பெனிப் பெண்ணின் பெட்டி நேற்றும் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை.

27 பிப்ரவரி

எஸ்எம்எஸ் வாசகம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'மாத்திரை' என்ற ஒரு சொல்லே எட்டு இடம் பிடிக்கிறது. 'வணக்கம். இன்றைய மாத்திரை போட்டாச்சா?' 36 இடத்தில் முடிகிறது. மீதியில் கூப்பிட ஒரு போன் நம்பர் போட்டுவிடலாம்.

நோயின் பெயர் வாசகத்தில் வரவே கூடாது. போன் கணவருடையதாக இருக்கும், இல்லை பிள்ளை கையில் இருக்கும். எத்தனை மாத்திரை என்றும் எழுதக் கூடாது. 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. எடை ஏறி அளவு மாறிய பிறகும் மெசேஜ் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தால் அது தப்பான மருந்துச் சீட்டு.

வாசகம், எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதிய வேண்டிய டிஎல்டி தளத்தில் பதிந்ததுபோல் அச்சாக இருக்க வேண்டும், மாறினால் வழியிலேயே தடுத்துவிடும். சில பட்டன் போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும், அவர்களுக்குக் குரல் அழைப்புதான்.

1 மார்ச், சனி

நாளை நோன்பு ஆரம்பம். டாக்டரிடம் கேட்டு நோன்பு வைப்பவர்களுக்கு மணியை சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டு நேரத்துக்கு, மாற்ற வேண்டும், அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இன்று இரவுக்குள் மாற்றாவிட்டால் நாளை பகலில் மணி அடிக்கும்.

இரண்டாவது மணியையும் பார்க்க வேண்டும். ஏற்கனவே போட்டுவிட்ட வயதானவர் மறுபடி மணி கேட்டால் இன்னொரு வேளை போட்டுவிடக்கூடும். பெட்டி திறந்திருந்தால் இரண்டாவது மணி அடிக்கவே கூடாது. நேற்று விட்டதை இன்று சேர்த்துப் போடக் கூடாது என்பதையும் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்.

3 மார்ச்

ஷூ கம்பெனிப் பெண்ணின் பெட்டி இன்னும் திறக்கவில்லை.

திறக்காத பெட்டிக்கு எத்தனையோ அர்த்தம். மாத்திரையே போடாமல் இருக்கலாம். மாமியார் கண்ணில் படக்கூடாது என்று ஒரு வாரத்து மாத்திரையை மொத்தமாக எடுத்துக் கவரில் கட்டி வைத்திருக்கலாம். வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் இருக்கலாம், அப்படியானால் திறந்த பதிவு பெட்டிக்குள்ளேயே நின்று பிறகு மொத்தமாக வரும். ஊருக்குப் போனவர் பெட்டி பெரிதாக இருக்கிறதென்று விட்டுப் போயிருக்கலாம். கம்ப்யூட்டர் திரையில் எல்லாமே ஒரே வெற்றுக் கட்டம்.

5 மார்ச்

நினைவூட்டல் போதும் என்று சொல்பவர்கள் மேல் கோபம் வருகிறது. சீனாவில் காசநோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், 2015இல் வெளியானது, மணி அடித்துத் திறப்பைப் பதியும் பெட்டி பலன் தந்தது, வெறும் எஸ்எம்எஸ் தரவில்லை. தென்னிந்தியாவில் எச்ஐவி நோயாளிகளுக்கு வாராவாரம் போன் நினைவூட்டல் போய்ச் சேர்ந்தும் வித்தியாசம் தெரியவில்லை. கென்யாவில் தெரிந்தது. அங்கே வாரம் ஒரு மெசேஜ், அதுவும் 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்வி. 48 மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டாலும், பிரச்சினை என்று பதில் வந்தாலும், நர்ஸ் கூப்பிட்டார்.

கூப்பிட ஆள் இருந்தார். எனக்கு அதுதான் முக்கியம்.

99டாட்ஸ் என்ற மாத்திரைக் கண்காணிப்பு முறையும் தனியாகப் போதாது. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் ஒரு நம்பர் தெரியும், அதற்குக் காசில்லாமல் கால் கொடுக்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் மாத்திரை போட்டுவிட்டுக் கால் கொடுக்காதவர்கள் உண்டு, போடாமலே கொடுப்பவர்களும் உண்டு. சென்னை, வேலூர், மும்பையில் வீடு தேடிப் போய்ச் சிறுநீரில் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து இருக்கிறதா என்று பார்த்தபோது இரண்டுமே தெரிந்தது.

6 மார்ச்

அந்தப் பெண்ணின் போன் சுவிட்ச் ஆஃப்.

8 மார்ச், சனி

ஆள் நேரில் போய்ப் பார்த்தாயிற்று. வாந்தி. சோறு இறங்கவில்லை. கண் மஞ்சள். மாத்திரையை அவராகவே நிறுத்தியிருக்கிறார். "தினம் மணி அடிக்குதுக்கா, பயமா இருக்கு"ன்னு சொன்னாராம்.

நிறுத்தியது சரி. இவ்வளவு நாளும் போடு போடு என்று அடித்த மணிதான் தப்பு.

இன்றே எல்எஃப்டி, ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை. பெட்டி மணி, எஸ்எம்எஸ், குரல் அழைப்பு மூன்றையும் தனித்தனியாக நிறுத்த வேண்டும், ஒன்றை நிறுத்தினால் மற்றவை நிற்காது. இனி வாசகத்திலேயே சேர்க்க வேண்டும்: வாந்தியோ கண் மஞ்சளோ இருந்தால் மாத்திரை போடாமல் உடனே கூப்பிடுங்க. 70க்குள் அடங்காது. அடங்காவிட்டால் இரண்டு எஸ்எம்எஸ் போகட்டும்.

9 மார்ச்

இரண்டு நாள் திறக்காத எல்லாப் பெட்டிக்கும் போன். ஞாயிறு என்றாலும்.

11 மார்ச்

ரத்தத்தில் ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி இன்னும் இறங்கவில்லை. சாதாரண அளவின் இரண்டு மடங்குக்குக் கீழே வந்த பிறகுதான் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்கள், முதலில் ரிஃபாம்பிசின். நான்கும் சேர்ந்த மாத்திரை அப்போது உதவாது, தனித்தனி மாத்திரை கேட்டு எழுத வேண்டும். பெட்டியில் இருக்கும் பழைய அட்டைகளை இன்றே எடுத்துவிட வேண்டும். புது மணி எத்தனைக்கு என்று அவரிடமே கேட்க வேண்டும்.