ரயில் வராத கோடை: சர்ச்சில், ஹட்சன் விரிகுடா, கனடா, 2017

மே 24
ரயில் இல்லை. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணையே வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டதாம். கட்டிய பெட்டிகள் எல்லாம் ஹாலில்.

மே 30
இவர் விமானத்தில் வின்னிபெக் போய்ச் சேர்ந்துவிட்டார். "சாமானை ரயிலில் போட்டுவிட்டு வா" என்கிறார். எந்த ரயிலில்? இந்த ஊருக்குச் சாலையே கிடையாது என்பது அதற்குள் மறந்துவிட்டது போல.

ஜூன் 3
வாணலி எந்தப் பெட்டியில்?

ஜூன் 10
குளிர்காலம் வரை ரயிலை மறந்துவிடச் சொல்லிவிட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அரிப்பு, பாலங்களும் பழுது. சதுப்பிலும் உறைமண்ணிலும் போட்டு 1929-இல் இங்கே கொண்டுவந்து சேர்த்த பாதை. செலவு யார் தலையில் என்பதுதான் சண்டை. பால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஜூன் 18
பார்சல் கட்டணம் கேட்க விமான நிலையம் போனேன். பழைய ராணுவ முகாம் அந்தப் பக்கம்தான். 1942-இல் அமெரிக்கர்கள் வந்து கட்டியது, போர் முடிந்ததும் கனடாவும் சேர்ந்துகொண்டு கடுங்குளிரில் வண்டியும் துப்பாக்கியும் ஆளும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துப் பார்த்தார்கள். அப்புறம் ராக்கெட், துருவ ஒளி தலைக்கு மேலேயே வருகிற ஊர் அல்லவா, மேல்வானத்தை ஆராய 3,500-க்கும் மேல் ஏவினார்கள். ஆயிரக்கணக்கானோர் இருந்த இடத்தில் இன்று சரளையும் புதரும். இடித்துத் தள்ளிவிட்டுக் கிளம்பினார்கள், நான் வாணலிக்கு அழுகிறேன். ஓடுபாதை மட்டும் மிச்சம், 2.8 கிலோமீட்டர். இப்போது நாங்கள் தின்னும் தக்காளி அதில்தான் வந்து இறங்குகிறது.

ஜூன் 19
கணக்குப் போட்டேன். அனுப்புகிற காசுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

ஜூலை 9
ராணுவம் இருந்தபோது ஊர் எப்படி இருந்தது தெரியுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆரம்பித்தார். தெரியும். அதே காலத்தில், 1956-இல், சயீசி டெனே என்ற பூர்வகுடி மக்களை டக் ஏரியிலிருந்து விமானத்தில் ஏற்றிவந்து இந்தக் கரையில் விட்டது அரசு. வேட்டைப் பொறிகளும் படகுகளும் அங்கேயே கிடந்தன. அப்புறம் கல்லறையை ஒட்டிக் குடியிருப்பு. குளிர், தீ, குடி என்று எத்தனை பேர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் 1973-இல் டடூல் ஏரிக்குப் போய்விட்டார்கள். மத்திய அரசின் மன்னிப்பு போன வருடம்தான் வந்தது. அவரிடம் இதைச் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஜூலை 27
ராத்திரி பனிக்கரடி. வெடி போட்டு விரட்டினார்கள். அடம்பிடிப்பவற்றை அடைக்க ராணுவத்தின் பழைய டி-20 கட்டடம் இருக்கிறது, 28 அறை. காரை நான் பூட்டுவதில்லை, யாருமே பூட்டுவதில்லை, ஓடிவருகிறவர் ஏறிக்கொள்ளட்டும் என்று.

ஆகஸ்ட் 4
வாணலி கிடைத்தது, போர்வைகளுக்கு நடுவில்.

ஆகஸ்ட் 11
குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கும் புரோப்பேன் வாயு கப்பலில் வருமாம். பழைய வேலைக்குத் திரும்ப வருகிறாயா என்று கேட்டார்கள். சரி என்றேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.