தாளில் சிக்கிய துடிப்பு

ஜூன் 5, 2025, வியாழன்

ஏழாம் வகுப்பு, மூன்றாவது பீரியட். கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். சுவிட்சைத் தட்டியதுபோல நெஞ்சு ஓடத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதெல்லாம் கிடையாது, ஒரே நொடிதான். பதினோரு வருஷமாக இப்படித்தான் வருகிறது. ஐந்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். ஈசிஜி எடுத்தால் ஒன்றுமே இருக்காது. "பதற்றம்தான் டீச்சர், நல்லா தூங்குங்க" என்று எழுதிக்கொடுத்த மாத்திரைகளை எத்தனை வருஷம் விழுங்கினேன்! அம்மாவைக் கேட்டால் வாயு என்பாள், இஞ்சி தட்டுவாள்.

இன்றைக்கு நிற்கவில்லை. எச்.எம். அம்மா என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. ஒயர்களை ஒட்டினார்கள், தாள் வந்தது. நிமிஷத்துக்கு 188 துடிப்பு.

டூட்டி டாக்டர் அந்த ஓட்டத்தை நிறுத்தும் அடினோசின் ஊசி 6 மில்லிகிராம் போட்டார், பின்னாலேயே சலைனை வேகமாகத் தள்ளினார். "சில நொடி ரொம்ப மோசமா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல இருந்தது, போய்விட்டேன் என்றே நினைத்தேன். மருந்தில் பாதி பத்து நொடிக்குள் ரத்தத்திலிருந்து போய்விடுமாம். கண்ணைத் திறந்தால் 92. எச்.எம். அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"இது எஸ்.வி.டி., இதயத்தோட மேல்பக்க மின்சாரக் கோளாறால திடீர்னு வேகமா ஓடுறது. மதுரையில ரிதம் பார்க்கிற டாக்டரைப் பாருங்க. இந்தத் தாளைத் தொலைச்சிடாதீங்க."

ஜூன் 14, சனி

கோவில்பட்டியிலிருந்து காலை பஸ். வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு வந்தார். இதய டாக்டர்களில் அடைப்பு பார்ப்பவர் வேறு, மின்சாரம் பார்ப்பவர் வேறு என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ரிதம் டாக்டர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார். "வரும்போது கழுத்துல துடிக்குமா? நின்னப்புறம் நிறைய ஒன்னுக்குப் போகுமா?"

இரண்டும் உண்டு. இரண்டாவதை நான் யாரிடமும், வீட்டுக்காரரிடம்கூட, சொன்னதில்லை. வெட்கம். மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் ரத்தம் கழுத்துப் பக்கம் திரும்பி முட்டுகிறது, மேலறை விரிந்துகொடுப்பதால் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோன் சுரக்கிறது என்று படம் போட்டே காட்டினார். என் வாயிலிருந்து வருமுன் என் வியாதியை ஒருவர் சொல்கிறார். தொண்டை அடைத்துக்கொண்டது.

மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் இடத்தில் எனக்கு இரண்டு பாதை, ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறி, செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றுகிறது. பிறவியிலேயே இருக்கும் அமைப்பு. என் பயத்தால் வந்ததில்லை.

மாத்திரை ஒரு வழி. மெதுவான பாதையைச் சூடு வைத்து அடைப்பது இன்னொரு வழி, அப்லேஷன். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சரியாகும். ஆனால் வேகமான நல்ல பாதை சில மில்லிமீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது, அது சேதமானால் பேஸ்மேக்கர், இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி, பொருத்தவேண்டும். அது சுமார் நூறில் ஒருவருக்கு. யோசித்துச் சொல்லுங்கள் என்றார், அவசரப்படுத்தவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

துணி எடுக்கக் குனிந்தபோது வந்தது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி செய்தோம். சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்தண்டு நகரும் அளவுக்கு 15 நொடி ஊதவேண்டும். உடனே மல்லாக்கப் படுத்து, வேறொருவர் காலைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். 2015இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு 43 பேருக்கு இப்படி நின்றிருக்கிறது, வெறுமனே ஊதியவர்களில் 17 பேருக்குத்தான்.

முதல் தடவை நிற்கவில்லை. இரண்டாவதில் படக்கென்று நின்றது. மகன்தான் காலைப் பிடித்திருந்தான், பத்து வயது. அவன் முகத்தைப் பார்த்தபோது அப்லேஷன் என்று முடிவு செய்தேன்.

ஜூலை 2, புதன்

அதுவரைக்கும் கொடுத்திருந்த துடிப்பு மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், இல்லாவிட்டால் துடிப்பு வெளியே வராதாம். வலது தொடை மடிப்பில் மரப்பு ஊசி, அங்கிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு மெல்லிய ஒயர்கள். விழித்தே இருந்தேன்.

"இப்ப நாங்களே வரவைக்கப் போறோம்மா."

வந்தது. அதே ஓட்டம், அதே கழுத்துத் துடிப்பு. பதினோரு வருஷம் நான் தனியாகப் பட்டதை ஆறு பேர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலிக்கவில்லை, ஆனாலும் கண்ணீர் காதுவரை இறங்கியது. ஒரு சிஸ்டர் பஞ்சால் துடைத்தார், ஏன் என்று கேட்கவில்லை.

சூடு வைக்கும்போது நெஞ்சில் லேசான காந்தல். முதுகுவலிதான் தாங்கவில்லை. பிறகு அரை மணி நேரம் காத்திருந்து, மருந்து ஏற்றி, மறுபடி வரவைக்கப் பார்த்தார்கள். வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை.

ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கிறேன். இதைச் சொல்லச் சொல்ல அவர் போனில் எழுதுகிறார்.

ஜூலை 20, ஞாயிறு

தொடையில் நீலம் மஞ்சளாகிவிட்டது. நேற்று ராத்திரி ஒரு துடிப்பு எகிறிக் குதித்து எழுப்பியது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். 76. இப்படி ஒன்றிரண்டு சில வாரம் வரும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். இருந்தாலும் விடியும்வரை தூக்கமில்லை.

காலையில் ஃபைலை அடுக்கும்போது அந்த 188 தாளை எடுத்தேன். ஓரமெல்லாம் மங்கத் தொடங்கியிருக்கிறது, சூட்டில் பதியும் தாள் அப்படித்தானாம். பஸ் ஸ்டாண்ட் எதிரே போய் மூன்று ஜெராக்ஸ் எடுத்துவந்தேன். ஒன்று அம்மாவுக்கு.