109.6

பிப்ரவரி 3, செவ்வாய்

109.6.

பிப்ரவரி 4, புதன்

நேற்று அந்த எண்ணை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன். மிச்சம் இன்று.

2018ல் எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் போனபோது 128 கிலோ. பதினான்காம் மாதம் 79. அந்த 79 இரண்டே நாள்தான் இருந்தது. அப்புறம் 79.8, 81, ரொம்ப நாள் 83. எப்போது ஏறியது என்று தெரியவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பொய். 91ல் தெரிந்தது. அன்றைக்குத்தான் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நேற்று விளக்குமாற்றால் இழுத்து எடுத்தேன். பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தது, அதுதான் எரிச்சல்.

குறைந்தது 49 கிலோ. திரும்பி வந்தது 30.6.

பிப்ரவரி 6, வெள்ளி

ராத்திரி இரண்டு மணிக்குப் புளிப்பு தொண்டை வரை வந்து எழுப்பியது. இரண்டு தலையணை போதவில்லை, மூன்றாவதையும் வைத்து உட்கார்ந்த மாதிரியே தூங்கினேன். இவர் எழுந்து தண்ணீர் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்

புது டாக்டர். பழைய டாக்டரிடம் போக முகம் இல்லை. அவர் திட்டமாட்டார், பாவம். அதனால்தான் போக முடியவில்லை.

காத்திருக்கும் இடத்தில் எல்லா நாற்காலிக்கும் கைப்பிடி. எடைக்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரிப் பிரிவில் யார் இதைத் தேர்ந்தெடுத்தது? நின்றுகொண்டே இருந்தேன். நர்ஸ் "உக்காருங்கம்மா" என்றாள் மூன்று தடவை. 79ல் இருந்தபோது இதே மாதிரி நாற்காலியில் பக்கத்தில் பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ஃபாலோ அப் எத்தனை வருஷம் போனீங்க?"

"ரெண்டு வருஷம் டாக்டர்."

பதினொரு மாதம். அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொண்டார் போலத்தான் இருந்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். (இந்த உவமையை 2018லும் கேட்டேன். அத்தனை டாக்டர்களும் ஒரே பழத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.) அந்தக் குழாய் வருஷக்கணக்கில் விரிந்திருக்கலாம். மேலே குமிழ் மாதிரி இருக்கும் ஃபண்டஸ் பகுதியை முதல் தடவை கொஞ்சம் விட்டு வைத்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் காரணம் வேறு இடத்தில்.

"வேற இடம்னா?"

"மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம்."

எடை குறைக்கும் ஊசி பற்றியும் சொன்னார், வாரத்துக்கு ஒன்று, செமாக்ளூடைட். போட்டுப் பார்த்தாயிற்று டாக்டர். ஆறு கிலோ போனது, வாந்தி நிற்கவில்லை, விட்டேன், ஆறும் வந்தது. எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை இது. நிறுத்தியவர்களுக்குப் போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பியதாக 2022ல் ஆய்வே வந்தது. படித்தபோது நிம்மதியாக இருந்தது. அடுத்தவர்களும் தோற்றிருக்கிறார்கள் என்பதில் என்ன நிம்மதியோ.

பிப்ரவரி 12, வியாழன்

விரிந்திருக்க வேண்டும். விரிந்துதான் இருக்கும்.

பிப்ரவரி 14, சனி

நாள் முழுக்க அதே நினைப்பு. தன் வயிற்றுக்குள் ஏதாவது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இல்லை, இருக்க முடியாது. அந்த ஹாலில் நின்றவர்களில் பாதிப்பேர் இதைத்தான் வேண்டியிருப்பார்கள்.

குழாய் விரிந்திருந்தால் அது குழாயின் குற்றம். ஃபண்டஸ் மிஞ்சியிருந்தால் கத்தி பிடித்தவரின் குற்றம். பசியைக் கிளப்பும் க்ரெலின் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது, அதனால்தான் அந்தப் பகுதியையே வெட்டி எறிகிறார்கள். முதல் வருஷம் எனக்குப் பசி என்பதே இல்லை. சாப்பிடுவதற்கு போனில் அலாரம் வைத்தேன். இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டும் இல்லையென்றால்?

அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. அப்போது ஒவ்வொரு ஏழெட்டுக் கிலோவுக்கும் என் துணிகளைப் பிரித்துப் பிரித்துச் சின்னதாக்கிக் கொடுத்தவள். ஐந்தாவது தடவை உள்பக்கம் மிஞ்சிய துணியை வெட்டப் போனாள். வேண்டாம்க்கா, இருக்கட்டும் என்றேன். "இனிமே எதுக்குடி அது" என்று கத்திரிக்கோலை எடுத்தாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

டயட்டீஷியன். சின்னப் பெண், என் பாதி வயசு. சாப்பிடுவதை எல்லாம், ஒரு வாய் என்றாலும், நேரத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். அவள் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது. "கறி சாப்பிட்டா அடைக்குதா, பிஸ்கட் சாப்பிட்டா அடைக்குதா?" கறித்துண்டு நெஞ்சில் நிற்கும், ஆமாம். பிஸ்கட் நிற்காது. சிப்ஸ் நிற்காது. ஐஸ்கிரீம் கேட்கவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகும். நிற்கிறதைச் சாப்பிட்டால் வலிக்கிறது, வழுக்குவதைச் சாப்பிட்டால் வலி இல்லை. எந்தப் பக்கம் கை போகும்? ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட என்னால் இன்றைக்கும் முடியாது. ஆனால் ஒரு பாக்கெட்டை மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, ஆடு மேய்கிற மாதிரி, தின்று தீர்க்க முடியும்.

அப்படியானால் குழாய் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

சாப்பாட்டு நோட்டு. மாலை 4.10, பிஸ்கட் 2.

ஆறு.

பிப்ரவரி 21, சனி

'2'ஐ அடித்து '6' என்று எழுதினேன். அப்புறம் அந்தப் பக்கத்தையே கிழித்தேன். புதுப் பக்கத்தில் '3'.

பிப்ரவரி 24, செவ்வாய்

பேரியம் குடித்து எக்ஸ்ரே. சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுத்த மாதிரி வெள்ளைத் தண்ணீர், அதில் ஏதோ பழ வாசனை வேறு சேர்த்திருக்கிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. மெஷினுக்கு முன்னால் நிற்க வைத்து, "வாயில வச்சுக்கோங்க... இப்ப முழுங்குங்க... இப்பிடித் திரும்புங்க" என்றார். கழுத்தை ஒடித்துத் திரையைப் பார்த்தேன். கறுப்பாக ஒரு கோடு, நெஞ்சுக்குள் இறங்குகிறது, ஒரு நொடி நிற்கிறது, அப்புறம் ஒல்லியாக, நேராக, கீழே. ஒல்லியாக. நான் எதிர்பார்த்த பை எங்கேயும் இல்லை.

அப்புறம் படுக்க வைத்தார்கள். படுத்ததும் அந்தக் கோடு வந்த வழியே மேலே ஏறியது. பாதி நெஞ்சு வரை. நானே பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு நடப்பது இதுதானா என்றேன். "ரிப்போர்ட்ல வரும்மா."

பிப்ரவரி 26, வியாழன்

எண்டோஸ்கோபி. மயக்க ஊசி. எழுந்தபோது தொண்டை கரகர. இவர் கையைப் பிடித்திருந்தார், நான்தான் உருவிக்கொண்டேன்.

பிப்ரவரி 28, சனி

ரிப்போர்ட். ஸ்லீவ் சீராக உள்ளது. குறிப்பிடத்தக்க விரிவு இல்லை. ஃபண்டஸ் மிச்சம் இல்லை.

நல்லாத் தைத்திருக்கிறார் பழைய டாக்டர். அவர் மேல் ஒரு பிழை சொல்ல முடியாது.

மார்ச் 1, ஞாயிறு

ஒரு பாக்கெட் முழுசும். நோட்டில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 4, புதன்

மனநல ஆலோசகர். முக்கால் மணி நேரம். அழக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன், அழவில்லை. சண்டை போட்டேன். குழாய் நன்றாக இருக்கிறதென்றால் நான்தான் நன்றாக இல்லை என்றுதானே அர்த்தம், அதை நேராகச் சொல்லுங்களேன் என்றேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "உடம்புக்குக் குழாய் மட்டும்தான் இருக்குன்னு யார் சொன்னா?" என்றார். எடை குறைந்தவுடன் உடம்பு சும்மா இருந்தபடி எரிக்கும் கலோரியைக் குறைத்துக்கொள்ளும், பசியைக் கூட்டிக்கொள்ளும், பஞ்சம் வந்துவிட்டது என்று அது நினைக்கும் என்றார். ஸ்வீடனில் 1987ல் தொடங்கி வருஷக்கணக்காக ஆபரேஷன் செய்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று. அதிலும் முதல் ஒன்றிரண்டு வருஷம் நன்றாக இறங்கிய எடை அப்புறம் எல்லா வகை ஆபரேஷனிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறித்தான் நின்றதாம்.

கொஞ்சம். அவர்களுக்குக் கொஞ்சம். 49ல் 30.6 கொஞ்சமா?

என்றாலும் வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிஜமான பசி, வயிற்றில்.

மார்ச் 9, திங்கள்

டாக்டர் சரி சொல்லிவிட்டார். அதுதான் வேடிக்கை. எடைக்காகச் சரி சொல்லவில்லை. நெஞ்செரிச்சலுக்காக. உணவுக்குழாயின் கீழ்ப்பக்கம் புண், கிரேடு பி. மாத்திரை 40 மில்லிகிராம் இரண்டு வேளை போட்டும் ஆறவில்லை. கூடவே மேல் வயிறு உதரவிதானத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியிருக்கிறது, சின்ன ஹெர்னியா. குழாய்க்குள் அழுத்தம் அதிகம், அமிலம் மேலேதான் வரும், ஸ்லீவுக்குப் பின் பலருக்கு வருவதுதான். அதைப் பைபாஸாக மாற்றினால் நிற்கும். இரைப்பையின் தலைப்பக்கம் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை, அதிலிருந்து நேரே சிறுகுடலுக்குப் பாதை. அமிலம் தன் வழியில், சாப்பாடு தன் வழியில்.

"எடை?"

"குறையும். ஆனா மொத தடவ மாதிரி எதிர்பாக்காதீங்க. ரெண்டாவது ஆபரேஷன்ல எப்பவும் கொஞ்சம் கம்மிதான். ஆபத்தும் மொததவிட அதிகம்."

உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்க நேரம் ஆகும், தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தக்கட்டு. ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம் இனி ஆயுளுக்கும் பி12, இரும்பு, கால்சியம். தலைவலிக்கு இப்யூப்ரோஃபென் கூடவே கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் மனசில் ஓடியது ஒன்றுதான்: காகிதத்தில் காரணம் நெஞ்செரிச்சல். யார் கேட்டாலும் நெஞ்செரிச்சல் என்று சொல்லிவிடலாம். பொய் இல்லையே.

கிளம்பும்போது சாப்பாட்டு நோட்டைப் புரட்டினார். "20, 21ல ஒரு பக்கத்தைக் காணோமே?"

காபி கொட்டிவிட்டது என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

காபி கொட்டவில்லை.

மார்ச் 13, வெள்ளி

டயட்டீஷியனிடம் ஆறு என்று சொல்லிவிட்டேன். "ம்" என்று எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். மூன்று வாரம் வயிற்றில் நெருப்பாக இருந்ததற்கு ஒரு "ம்".

மார்ச் 16, திங்கள்

ஆபரேஷன் ஏப்ரல் 7.

மார்ச் 24, செவ்வாய்

இன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பதில் ஷேக். இரண்டு வாரம். கல்லீரல் சுருங்க வேண்டுமாம். கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பைக்கு மேல் கனமாக உட்கார்ந்திருக்கும், அதைத் தூக்கிப் பிடித்தால்தான் கேமராவுக்கு வழி கிடைக்கும். 2018லும் இதே பொடி, இதே குலுக்கும் பாட்டில். மூடிக்குள் கம்பிப் பந்து உருளும் சத்தம் கேட்டவுடன் அந்த வருஷம் முழுக்க ஞாபகம் வந்தது. அப்போது எவ்வளவு சந்தோஷமாகக் குலுக்கினேன்! இனி வாழ்க்கையே வேறு என்று.

இப்போது ஆறப்போட்டு, கட்டி தட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

மார்ச் 26, வியாழன்

தலைவலி. மாத்திரை எதுவென்று பார்த்துப் போட வேண்டும் என்ற பயம் இப்போதே. ஆபரேஷனே இன்னும் நடக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

107.9. தண்ணீர்தான் போயிருக்கும். தெரியும். தெரிந்தும் மூன்று தடவை ஏறி நின்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். போனில். நெஞ்செரிச்சலுக்கு என்றுதான் ஆரம்பித்தேன், அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பேசாமல் இருக்கிற அக்கா என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பயம், எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். கொட்டினேன். 91, மெஷின், ஊசி, ஆறு பிஸ்கட், கிழித்த பக்கம்.

"எத்தனை நாளா இதைத் தூக்கிச் சுமக்கிற?"

"நாலு வருஷம் இருக்கும்க்கா."

"சரி, ஆஸ்பத்திரிக்கு என்ன போட்டுட்டுப் போவ? லூசா ஏதாச்சும் வேணும்ல. அந்த நீல டாப்ஸ் இருக்கா?"

"எங்க பத்தப்போவுது. நீதான் உள்ளத் துணிய வெட்டிட்டியே."

"போய் எடுத்துப் பாரு."

பெட்டியில் அடியில் கிடந்தது. உள்பக்கம் திருப்பினேன். இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலம் துணி, மடித்து, ஓரத்தில் மெல்லிய கைத்தையல் போட்டு வைத்திருக்கிறாள். பழைய மடிப்பில் நீலம் கொஞ்சமும் வெளுக்கவில்லை.

"வெட்டலியா?"

"நீ பாக்கணும்னு கத்திரிக்கோலைச் சத்தம் பண்ணேன். அவ்ளோதான்."

போனை வைத்ததிலிருந்து கோபமா, வேறு என்னவோ, புரியவில்லை. அன்றைக்கே தெரியுமா இவளுக்கு? எல்லோரும் கைதட்டிய அந்த வருஷம், இவள் மட்டும் மூன்று விரல் விட்டு வைத்திருக்கிறாள்.

ஐந்தாம் தேதி வருகிறாளாம். தையல் பிரிக்கிற ஊசி அவளிடமே இருக்கிறதாம், வாங்க வேண்டாம் என்றாள்.

மார்ச் 31, செவ்வாய்

தூக்கம் இல்லை. புளிப்பு இல்லாமலே.

ஏப்ரல் 2, வியாழன்

106.4. ஷேக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. 4.10க்கு ஒன்றும் இல்லை. 4.40க்கு அரை பிஸ்கட், மிச்சத்தைக் குப்பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நோட்டில் அரை என்றே எழுதினேன்.