மேய்ப்பரும் மெய்ப்பும்

பாளையங்கோட்டையில், ஊசிக்கோபுர ஆலயத்தின் மணியோசை காதில் விழும் தூரத்திலிருந்த ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துபவனாக, அதாவது புரூஃப் ரீடராக, வேலை பார்த்தேன். திருமண அழைப்பிதழ், ஞானஸ்நான அட்டை, அடக்க ஆராதனை முறைமை, கன்வென்ஷன் நோட்டீஸ், அசன விருந்து ரசீதுப் புத்தகம் என்று எங்களிடம் வந்த வேலைகளில் பெரும்பகுதி சபைகளைச் சேர்ந்தவை. ஆகவே, வாரத்தின் ஆறு நாளும் வேதவசனங்களில் பிழை தேடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே வசனங்களை ஆலயத்தில் பக்தியோடு கேட்க வேண்டிய விசித்திரமான பிழைப்பு எனக்கு வாய்த்தது. ஞாயிறன்றும் கண் ஓய்ந்ததில்லை. பாட்டுத்தாளைக் கையில் வாங்கியதும் சட்டைப் பையிலிருந்து பென்சில் தானாக வெளியே வந்துவிடும். "ஆராதிக்க வந்தீங்களா, புரூஃப் பார்க்க வந்தீங்களா?" என்று மனைவி முழங்கையால் இடிப்பாள்.

நான் 1986இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஈய எழுத்துக் காலம் முடியவில்லை. கம்பாஸிட்டர்கள் அறையறையாகப் பிரித்த கேஸிலிருந்து எழுத்துகளைப் பார்க்காமலே பொறுக்கி ஸ்டிக்கில் கோப்பார்கள். எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும்; அவர்கள் அதை நேராக வாசிப்பதுபோலச் சரளமாக வாசிப்பார்கள். அங்கிருந்த மூத்த ஃபோர்மேன் அண்ணாச்சி எனக்கு இரண்டே பாடங்கள் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்க வேண்டும். அப்போதுதான் பொருளில் மயங்காமல் எழுத்து கண்ணில் படும். மற்றொன்று, "தெரியாத வார்த்தையை எல்லாரும் சந்தேகப்படுவாங்க தம்பி, மனப்பாடமா தெரிஞ்ச வசனத்தைத்தான் நீ சந்தேகப்படணும்" என்பது.

அவர் சொன்னதன் பொருள் மூன்றாம் மாதமே விளங்கிற்று. ஓர் அம்மாவின் நினைவு அட்டையில் இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முதல் வரி "கர்த்தர் என் மெய்ப்பராயிருக்கிறார்" என்று கோக்கப்பட்டிருந்தது. இரட்டைச்சுழிக் கொம்பு வைக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு. சிறு வயதிலிருந்து ஆயிரம் முறை சொன்ன வசனமாதலால் என் வாய் "மேய்ப்பர்" என்றே வாசித்துவிட்டுப் போய்விட்டது, அண்ணாச்சிதான் பிடித்தார். பிடித்துவிட்டு, "பரவாயில்லையே, ஆண்டவரையும் நம்ம டிபார்ட்மெண்ட்ல சேர்த்துட்டீங்களே" என்று சிரித்தார். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பில் இந்த வேறுபாட்டை வகுத்தவர் வீரமாமுனிவர் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த செய்திதான். ஆனால் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார் அந்தச் சுழியைச் சுழித்திராவிட்டால் மேய்ப்பரையும் மெய்ப்பரையும் பார்வையில் பிரித்தறிய இத்தனை எளிதான வழி நமக்கு இருந்திராது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தப் புரூஃப் தாளைக் கிழித்தெறிய மனம் வராமல் என் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு கணினியில் எழுத்துக் கோக்கும் டிடிபி வந்தது. ஈயம் போயிற்று, பிழை போகவில்லை. மாலை நான்கு மணிக்குத் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு லெந்துகால ஜெபத்தில் "தேவரீர் எங்கள் விண்ணப்பத்தைக் கேட்டருளும்" என்பது "தேநீர் எங்கள் விண்ணப்பத்தைக் கேட்டருளும்" என்று வந்து நின்றது. தட்டச்சு செய்த பையனைக் கோபிக்க மனம் வரவில்லை. அன்று டீக்கடைக்காரர் வர வெகுநேரம் தாமதம், எங்கள் எல்லோருடைய இருதயத்தின் ஏக்கத்தையும் அவன் விரல்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்டன. ஜெபத்தில் வாய் சொல்வது ஒன்றும் மனம் கேட்பது வேறொன்றுமாக இருக்கும்போது, இப்படி ஒரு பையன் உள்ளேயிருந்து தட்டச்சு செய்து காட்டினால் எத்தனை பேர் ஜெபம் அச்சேறும் என்று எண்ணிக்கொண்டே சிவப்பு மையால் திருத்தினேன்.

இன்னொன்றை அப்படிச் சிரித்துக் கடக்க முடியாது. ஜங்ஷன் பக்கம் நெடுங்காலம் ஓட்டல் நடத்திய பெரியவர் ஒருவர் காலமாகி, மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம் என்ற நிலையில், அவருடைய மகன் இரவு எட்டரை மணிக்கு ஆராதனை முறைமை அச்சிட வந்தார். முகப்பில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம் வேண்டும் என்றார். எங்கள் ஆபரேட்டர் தினமும் காலையில் அந்த ஓட்டலில் இட்லி சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் எடுத்துக் கொடுத்த புரூஃபில், "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டலை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்" என்றிருந்தது. நான் பேனாவை எடுக்கும் முன்பே, தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மகன் அதை வாசித்துவிட்டார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அவர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பே எந்த இடத்தில் அழுகையாக மாறிற்று என்று சொல்ல முடியவில்லை. அன்று முழுவதும் அழ நேரமில்லாமல் பந்தலுக்கும் பெட்டிக்கும் அலைந்தவர் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா இருந்தா இப்படியே அடிங்கன்னு சொல்லியிருப்பாங்க அண்ணாச்சி" என்றார். நான் "ஓட்டத்தை" என்று திருத்தித்தான் அச்சுக்கு அனுப்பினேன். அது என் வேலை. ஆனால், கூடாரம் தைத்துப் பிழைத்த பவுலுக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவதும் ஓர் ஓட்டம்தான் என்பது புரிந்திருக்கும். இன்றும் அடக்க ஆராதனைகளில் அந்த வசனம் வாசிக்கப்படும்போது எனக்கு இட்லிக் கொப்பரையின் ஆவி கண்ணுக்குத் தெரிகிறது.

எங்கள் தொழிலில் ஒரு பழைய கதையுண்டு, கதையல்ல, நடந்தது. 1631இல் லண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூகாஸ் என்ற அரச அச்சர்கள் வெளியிட்ட வேதாகமத்தில், பத்துக் கட்டளைகளில் விபசாரத்தைப் பற்றிய கட்டளையில் எதிர்மறைச் சொல் விடுபட்டுப்போய், செய்யச் சொல்லும் கட்டளையாகவே அச்சாகிவிட்டது. 300 பவுன் அபராதம் விதித்தார்கள், உரிமத்தையும் பறித்தார்கள். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று விழுந்தால் போதும், கட்டளை கவிழ்ந்துவிடும். தமிழில் மறுப்பு வினைக்குள்ளேயே கலந்து கிடப்பதால் "செய்யாதிருப்பாயாக" என்பதை அத்தனை சுலபமாகக் கெடுக்க முடியாது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. நம் ஆபத்து வேறிடத்தில், ரகர றகரத்தில், காத்திருக்கிறது.

ஒரு கிராமத்துச் சபையின் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு 800 பிரதிகள் அச்சிட்டோம். அதில் சபையார் சொல்ல வேண்டிய மறுமொழி, "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்." ஒன்பது இடங்களில் வந்த அந்த மறுமொழி ஒன்பது இடங்களிலும் "இறங்கும்" என்று இருந்தது, மனப்பாடமாகத் தெரிந்த வரி என்பதால் ஒன்பதையும் நான் சரியென்று விட்டிருந்தேன். கட்டுக் கட்டி, அனுப்பிவைத்த பிறகு, கையில் மீந்த ஒரு பிரதியைச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டும்போதுதான் பார்த்தேன். மறுபடி அச்சிட நேரமில்லை. காகிதக் காசைச் சம்பளத்தில் பிடிப்பதாக முதலாளி சொன்னார். நான் மன்னிப்புக் கேட்பதற்காகப் பஸ் ஏறினேன்.

குருவானவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை நிதானமாக வாசித்தார். "இது கிறிஸ்துமஸ் ஆராதனைதானே?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். "இரங்கினதாலதானே இறங்கினார்? இருக்கட்டும்." அப்போதும் என் தொழில் புத்தி போகாமல், அப்படியானால் வேற்றுமை உருபு பொருந்தாது, "எங்களிடம் இறங்கும்" என்றல்லவா வர வேண்டும் என்று முணுமுணுத்தேன். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அன்றிரவு பிரசங்கத்தில் அச்சகத்தின் பெயரையோ என்னையோ சொல்லாமல், மேலேயிருந்து அனுதாபப்படுவதோடு நிற்காமல் மாட்டுத்தொழுவம் வரை இறங்கி வந்த இரக்கத்தைப் பற்றிப் பேசினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான், ஒன்பது முறையும் சபையாரோடு சேர்ந்து அந்த மறுமொழியைச் சொன்னேன். பிழையை அவர் பிழையில்லை என்று சொல்லிவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வாசலில் கைகுலுக்கும்போது, "அடுத்த வருஷம் றன்னாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றார்.

இத்தனைக்குப் பிறகாவது அடக்கம் வந்திருக்க வேண்டும். என் மகளின் திருமண அழைப்பிதழை வேறு யாரும் தொடக் கூடாது என்று நானே மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது, கிழமை தவறு. ஊரெங்குமிருந்து போன் வந்தது. "மாப்பிள்ளே, தேதிக்கு வரவா, கிழமைக்கு வரவா?" என்று என் தாய்மாமன் கேட்டார். "ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் கிழமை பார்த்தீங்களே" என்பதற்கு மேல் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பையும் தன் கண்ணிலிருக்கிற உத்திரத்தையும் பற்றி ஆண்டவர் சொன்னதில் ஒரு தச்சனின் கிண்டல் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும். உத்திரம் எத்தனை கனம் என்பது சுமந்தவருக்குத்தான் தெரியும். அந்த வாரம் சங்கீதம் வாசித்தபோது, "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான்" என்ற வரியில் நின்றுவிட்டேன். வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த பழைய புரூஃப் தாள் அப்போது நினைவுக்கு வந்தது. எல்லாப் பிழையையும் பார்த்துவிடக்கூடிய மெய்ப்பரே மேய்ப்பராகவும் இருப்பதை அண்ணாச்சி விளையாட்டாகச் சொன்னாரோ, தெரிந்தே சொன்னாரோ?

ஓய்வு பெற்றபின் எங்கள் ஆலயத்தில் பாட்டுத்தாள் நின்று, வரிகளைத் திரையில் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. போன கிறிஸ்துமஸ் ஆராதனையில், இரண்டடி உயர எழுத்தில், "கர்த்தாவே, எங்களுக்கு இறங்கும்" என்று வந்தது. கை சட்டைப் பைக்குப் போயிற்று. பென்சில் எட்டும் தூரத்தில் திரை இல்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நானும் எல்லோருடனும் சேர்ந்து சொன்னேன். சொல்லும்போது எந்த எழுத்தைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.