வாந்தி வரவில்லையே என்று பயப்படுகிறவர்களுக்கு

நாள் தள்ளிவிட்டது, டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடும் வந்துவிட்டது, ஆனால் குமட்டலே இல்லை. கரு சரியாக வளரவில்லையோ என்ற பயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கர்ப்பிணிகளில் 100-க்கு 70, 80 பேருக்குத்தான் மசக்கை. மற்றவர்கள் ஒருமுறைகூட வாந்தி எடுக்காமலே நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

நஞ்சுக்கொடியிலிருந்து ஜிடிஎஃப்15 என்றொரு ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலந்து, மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பே ரத்தத்தில் இது அதிகம் இருந்தவர்களுக்கு, உதாரணமாகத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு, உடம்பு பழகிப்போயிருக்கும், மசக்கை குறைவு. குறைவாக இருந்தவர்களுக்குத் திடீரென்று ஏறும்போது பாடாய்ப் படுத்திவிடும். 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. 'எல்லாம் மனசுதான்' என்று சொல்கிறவர்கள் இனி கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். இந்த ஹார்மோன் பெரும்பாலும் கருவின் பக்கமிருந்தே வருவதால், தலைப்பிள்ளைக்கு இருந்த மசக்கை அடுத்ததற்கும் அப்படியே இருக்க வேண்டும் என்றில்லை.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் குமட்டல் தொடங்குவது 6-ஆவது வார வாக்கில், உச்சம் 9-இல், பலருக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே 5-ஆவது வாரத்தில் வாந்தியைத் தேடாதீர்கள். 9 வாரம் தாண்டி முதன்முதலாக வாந்தி தொடங்கினால் தொற்று போன்ற வேறு காரணம் இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

மார்பு கனப்பது, அசதி, உப்புசம் இவையெல்லாம் புரொஜெஸ்டிரான் வேலை. மாதவிடாய்க்கு முன்னும் இதே ஹார்மோன்தான், அதனால் கர்ப்பமா, மாதவிடாய் வரப்போகிறதா என்று அறிகுறியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கிட்தான் வழி. தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் பார்த்தால் சிறுநீர் நீர்த்துக் கோடு தெரியாமல் போகலாம். காலையில் முதல் சிறுநீரே நல்லது. அட்டையில் போட்ட நேரத்துக்குள் பாருங்கள், பெரும்பாலும் 5 நிமிடம். மங்கலாக இருந்தாலும் நிறமுள்ள கோடு பாசிட்டிவ். வெகுநேரம் கழித்துத் தெரியும் சாம்பல் தடம் ஈரம் காய்ந்த அடையாளம், அதை எண்ணாதீர்கள். நெகட்டிவ் என்றால் 2, 3 நாள் விட்டு மறுபடி. கிட் கண்டுபிடிக்கும் கர்ப்ப ஹார்மோனான எச்சிஜி தொடக்கத்தில் இரண்டு, மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகும்.

24 மணி நேரமாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் சிறுநீர் அடர்ந்து போனாலோ, 50 கிலோ உள்ளவர் இரண்டரைக் கிலோ இறங்கினாலோ அது சாதாரண மசக்கை இல்லை. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இருந்தால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.