லீவு போட்டால் யார் ஊட்டுவது?

விழுங்கவே மறந்துபோகிற தன் அம்மாவுக்கு மூக்கு வழியாக டியூப் வைக்கலாமா என்று கேட்ட மகளிடம், நர்ஸான நான் சொன்னதில் பிழையான தகவல் எதுவும் இல்லை. மறதிநோய் முற்றிய நிலையில் டியூப் வழியாக உணவு கொடுப்பதால் ஆயுள் கூடுவதாகவோ, புரையேறி நிமோனியா வருவது குறைவதாகவோ சான்று இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கையும் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. டியூபைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிவைக்க நேரலாம் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “நீங்க லீவு போட்டா அம்மாவுக்கு யாரு சிஸ்டர் ஊட்டுவாங்க?” என்றார்.

“எல்லாரும் பாத்துக்குவோம்மா” என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு ஊட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பது எனக்குத் தெரியும். குழைத்த ரசம் சாதத்தை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். காலி ஸ்பூனை மெல்லக் கீழுதட்டில் வைத்தால்தான் விழுங்கவேண்டும் என்பது அவருக்கு நினைவு வரும். பக்கத்தில் டிவி ஓடினால் அதுவும் வராது. ஒரு கிண்ணம் இறங்க முக்கால் மணி நேரம், அதன்பின் அரைமணி நேரமாவது நிமிர்த்தி உட்கார வைக்கவேண்டும். இதையெல்லாம் சார்ட்டில் எழுதிவைத்தேன், ஆயாக்களுக்குச் செய்தும் காட்டினேன். ஆனாலும் ‘ஊட்டியாயிற்று’ என்று டிக் செய்திருந்த வேளைகளில், வாயைத் துடைக்கும்போது கன்னத்துச் சோறு அப்படியே என் விரலில் வந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மதிய வேளையில் ஒரே ஆயா எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பார்?

என் சொல்லை நம்பி டியூப் வேண்டாம் என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள். எடை குறைந்துகொண்டே வந்தது. அது நோயின் போக்கா, நான் இல்லாத வேளைகளில் பாதியில் நின்ற சாப்பாட்டின் விளைவா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, உறுத்தவும் செய்கிறது. ஆள் பற்றாக்குறைக்கு ஈடாக ஒருவர் மூக்கில் டியூபைச் செருகுவது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்விடுகிற நான் அப்படி நினைப்பது எளிதுதான்.

இப்போதெல்லாம் குடும்பத்தாரிடம் சான்றுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, தினமும் ஒரு வேளையாவது வந்து ஊட்ட உங்களில் யாரால் முடியும் என்று கேட்டுவிடுகிறேன். அதைக் கேட்டதும், “அப்ப டியூபே போட்டுடுங்க சிஸ்டர்” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.